மரங்கள் நின்றுவிடும் இடத்துக்கு மேலே

சனிக்கிழமை, ராயக்கோட்டை

ஜனவரியில் மகள் கல்லூரித் தோழிகளுடன் உத்தராகண்டில் கேதார்கந்தா ஏறப் போகிறாள். சாங்கிரி என்ற ஊரில் தொடங்கும் பாதை பைன் மரக் காடுகளைக் கடந்து, மரங்களே இல்லாத பனிச்சரிவுக்குப் போகிறது. உச்சி சுமார் 12,500 அடி. கடைசி ஏற்றம் குறுகியது, ஆனால் செங்குத்து என்று போய்வந்தவர்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "அதற்குள் கால் பழக வேண்டும் அம்மா" என்றாள். எனக்கு அரையாண்டு விடுமுறை. தர்மபுரியில் குடியிருப்பவர்கள் மலைப் பழக்கத்துக்கு எங்கும் தேடி அலைய வேண்டியதில்லை; எந்தப் பக்கத்துப் பஸ்ஸில் ஏறினாலும் ஒரு துர்க்கத்தின், அதாவது மலைக்கோட்டையின், அடிவாரத்தில் இறக்கிவிடுவார்கள். அன்றன்று ஏறியதை அன்றிரவே எழுதிப் பதிவிடுவது என்று பேசிக்கொண்டோம். எழுத்து என்னுடையது, படங்கள் அவளுடையவை.

முதலில் ராயக்கோட்டை. பாலக்கோடு, மாரண்டஅள்ளி வழியாகப் போகும் பஸ்ஸில் விடியும் முன்பே ஏறிவிட்டோம். மார்கழிப் பனி வயல்களின் மேல் தணிந்து கிடந்தது. ராயக்கோட்டை நெருங்க நெருங்க, மண்டிக்குத் தக்காளி ஏற்றிப் போகும் சிறிய வண்டிகள் பஸ்ஸுக்கு முன்னும் பின்னும் சேர்ந்துகொண்டன. ஊருக்குள் இறங்கியதும் அண்ணாந்து பார்த்தால் மலை. அடியில் பச்சை, நடுவில் சாம்பல் நிறப் பாறை, அதன் விளிம்பில் பல் போன பழைய மதில்.

அடிவாரத்தில் டீ குடித்தோம். கடைக்கார அம்மாள் மகளின் முதுகுப் பையைப் பார்த்துவிட்டு, "துர்க்கத்துக்கா கண்ணு? வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுங்கள். மேலே பாறையில் தேன்கூடு கட்டியிருக்கும். கூச்சல் போடாதீர்கள், புகை எதுவும் கூடாது" என்றார். மலைத்தேனீயைப் பற்றிய இந்த எச்சரிக்கையை நம் பக்கத்தில் எந்தப் பாறை மலை ஏறுபவரும் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கூடு கலைந்தால் தேனீக்கள் கூட்டமாக வெகுதூரம் துரத்தும். செங்குத்துப் பாறையில் ஓடித் தப்பிக்க இடமில்லை.

தொடக்கத்தில் புதர்க்காடு. உண்ணிச்செடி, ஆவாரை, வெப்பாலை, இடையிடையே சீத்தா. நிழல் உண்டு என்பதால் எல்லோரும் இந்தப் பகுதியில்தான் வேகமாக ஏறி மூச்சை இழக்கிறார்கள். மகளும் படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்று சொல்லி, அவளுடைய விடுதிக் கதைகளைக் கேட்க ஆரம்பித்தேன். வார்த்தை பாதியில் நின்றால் காலும் நிற்க வேண்டும். கேதார்கந்தாவிலும் இதே கணக்குத்தான்.

பிறகு மரங்கள் நின்றுவிட்டன. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வரவில்லை. ஒரு வளைவு திரும்பியதும் நிழல் முடிந்து, வெறும் பாறை எதிரே எழுந்தது. காற்று முகத்தில் அடித்தது. "இமயமலையில் பார்க்கப்போவது மாதிரியே இருக்கிறதே!" என்றாள் மகள். புவியியல் ஆசிரியையிடம் அப்படிச் சொல்லிவிட்டு யாரும் எளிதில் தப்பிக்க முடியாது. பாறையில் உட்காரவைத்து விளக்கினேன்.

இமயமலையில் மரங்களை நிறுத்துவது குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். மரம் வளரும் மாதங்களில் சராசரி வெப்பம் ஏறத்தாழ ஆறு டிகிரிக்குக் கீழே போனால், வேருக்கும் தண்டுக்கும் புதிய திசு கட்டுவது மரத்துக்கு முடியாமல் போகிறது. புல்லும் தரையோடு ஒட்டிய செடிகளும் வெயிலில் சூடான மண்ணை ஒட்டியே வாழ்வதால் தாக்குப்பிடிக்கின்றன. உயரமாக நிற்கும் மரம் காற்றின் குளிரை முழுவதும் வாங்கிக்கொள்கிறது. ராயக்கோட்டையில் அந்தக் குளிர் கிடையாது. இங்கே மரங்களை நிறுத்துவது மண். செங்குத்துப் பாறையில் விழும் மழை, மண்ணைத் தங்கவிடாமல் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. விரல் அளவு வெடிப்பு கிடைத்தால் அதில் ஒரு செடி, கை அளவு பள்ளம் கிடைத்தால் அதில் புல். காரணம் வேறு என்றாலும் கண்ணுக்குக் கிடைக்கும் பலன் ஒன்று: ஒரு மணி நேர ஏற்றத்தில் நாலாபுறமும் மறைப்பில்லாத வானம்.

கோட்டை கட்டியவர்களுக்கும் வேண்டியிருந்தது இந்த மறைப்பின்மைதான். பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்த நாட்டின் மலைக்கோட்டைகளில் ராயக்கோட்டை முக்கியமானது. மைசூர் மேட்டுநிலத்துக்கும் கீழ்நாட்டுக்கும் இடையிலான கணவாய் வழிக்குக் காவல். மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 ஜூலையில், கும்பினியின், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின், மேஜர் கௌடியின் படை இதைப் பிடித்தது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலையே கும்பினியிடம் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. மேலே நின்று கீழே போகும் சாலையைப் பார்த்தால் இந்தப் பாறைக்காக ஏன் அவ்வளவு சண்டை என்று புரிகிறது. பாலக்கோட்டுப் பக்கமிருந்து வரும் லாரியை அது ஊருக்குள் நுழைவதற்கு வெகுநேரம் முன்பே பார்த்துவிடலாம்.

எனக்கு மதில்களைவிடச் சுனைகள்தான் பிடித்தன. வடகிழக்குப் பருவமழை நின்று சில வாரங்கள்தான் ஆகியிருக்கிறது. பாறைக் குழிகளில் தண்ணீர் இன்னும் இருந்தது. ஒரு சிறிய குழியில் தலைப்பிரட்டைகள். அந்தக் குழி வற்றுவதற்குள் அவை தவளையாகிவிட வேண்டும். ஓரங்களில் பாசி, அதற்கு மேல் சாம்பலும் ஆரஞ்சுமாக லைக்கன் படலம். பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் இந்த உயிர்தான் பாறையைத் துளித்துளியாக அரித்து மண்ணாக்கத் தொடங்குகிறது. பல நூறு ஆண்டுகள் கழித்து இங்கே ஒரு மரம் நிற்குமானால், அதற்கான வேலை இப்போது இந்த ஆரஞ்சுப் புள்ளியில் நடந்துகொண்டிருக்கிறது. வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியதை இன்று தொட்டுப் பார்த்தேன்.

இறங்கும்போது மகளின் தொடை நடுங்கியது. ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருப்பதால் அதில் நுண்ணிய கிழிசல்கள் விழும். வலி நாளைக்கும் மறுநாளும் தெரியும் என்று சொல்லி வைத்தேன். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, சின்னச் சின்ன அடியாக, பாறையில் முழுப் பாதமும் படும்படி இறங்கச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை, கிருஷ்ணகிரி

காலையில் மகள் கட்டிலிலிருந்து இறங்கிய விதத்தைப் பார்த்தே தொடை வலி தெரிந்தது. போகலாமா என்று கேட்டேன். "அங்கே வலித்தால் திரும்பியா வர முடியும்?" என்றாள். புறப்பட்டோம்.

கிருஷ்ணகிரிக் கோட்டை மலையைச் சையத் பாஷா மலை என்றும் சொல்வார்கள். மலைமேல் தர்கா இருக்கிறது. பழையபேட்டையிலிருந்து ஏற்றம். ஞாயிறு என்பதால் தர்காவுக்குப் போகும் குடும்பங்கள் நிறைய. கைக்குழந்தையோடு ஏறிய ஒரு தம்பதியர் நாங்கள் நின்ற இடத்திலெல்லாம் எங்களுக்குச் சர்க்கரை கொடுத்துக்கொண்டே வந்தார்கள். ராயக்கோட்டையைவிட இந்தப் பாறை இன்னும் செங்குத்து. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே கல்லாகத் தெரிகிறது. அருகில் போனால் வெங்காயத் தோல் உரிவதுபோல் பாறை அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்பது தெரியும். பூமியின் ஆழத்தில் பெரும் பாரத்துக்கு அடியில் உருவான கல் இது. மேலே இருந்த பாரம் அரிக்கப்பட்டுப் போகப் போக, அழுத்தம் தளர்ந்து, மேற்பரப்புக்கு இணையாக வெடித்துப் பாளம் பாளமாகக் கழல்கிறது. இந்தக் கல்லுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். இமயமலை உயரத் தொடங்கி ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. மகளிடம் இதைச் சொன்னபோது அவள் உள்ளங்கையைப் பாறையில் வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

செங்குத்தின் வலிமையை இந்த மலை ஒரு படைக்கே காட்டியிருக்கிறது. 1791 நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல் தலைமையில் வந்த கும்பினிப் படை அடிவாரத்துப் பேட்டையைப் பிடித்துவிட்டது. தப்பி மேலே ஓடிய காவலர்களின் பின்னாலேயே மேல்கோட்டைக்குள் நுழைந்துவிடலாம் என்று துரத்தியது. வாசல் அதற்குள் மூடிக்கொண்டது. மேலிருந்து பாறைகள் உருண்டு வந்தன, ஏணிகள் நொறுங்கின, தாக்குதலைக் கைவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. அந்தக் கடைசிச் சரிவில் கையையும் ஊன்றி ஏறியபோது, இதே இடத்தில் ஏணியும் துப்பாக்கியும் சுமந்து ஏறியவர்களையும், மேலே கல்லோடு காத்திருந்தவர்களையும் நினைத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் பெரும்பாலும் இந்த மண்ணின் பிள்ளைகளாகவே இருந்திருப்பார்கள்.

மரங்கள் முடிந்து பாறை தொடங்கும் விளிம்பில் மகள் சட்டென்று என் கையைப் பிடித்து நிறுத்தினாள். புதரில் ஒரு சின்னான். தலையும் தொண்டையும் நல்ல மஞ்சள். மஞ்சள் தொண்டைச் சின்னான் தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. பாறையும் முட்புதரும் சேர்ந்த இந்த விளிம்புதான் அதன் வீடு. இரண்டு முறை கூவிவிட்டுச் சரிவில் இறங்கி மறைந்தது. அவள் எடுத்த படத்தில் ஒரு கிளையும் மஞ்சள் கறையும் மட்டும்தான் இருக்கின்றன. இருந்தாலும் பதிவில் போட்டிருக்கிறேன்.

உச்சியில் காற்று பலமாக இருந்தது. தென்பெண்ணையின் குறுக்கே கட்டிய கிருஷ்ணகிரி அணையின் நீர் மின்னியது. பெங்களூருக்கும் சென்னைக்கும் சேலத்துக்கும் பிரியும் சாலைகள், அவற்றுக்கு இடையில் மாந்தோப்புகள். மாமரங்கள் இன்னும் சில வாரங்களில் பூக்கும். அடிவானத்தில் குன்றுக்குப் பின் குன்று.

அவற்றில் சிலவற்றுக்கு ஒரு பக்கம் இல்லை. கிரானைட்டுக்காக வெட்டிய இடங்கள் படிக்கட்டுபோல் செங்கோணத்தில் தெரிகின்றன. இந்த மாவட்டத்துக் கல் உலகமெங்கும் தரையாகவும் மேடையாகவும் போகிறது. அந்தத் தொழிலை நம்பி இங்கே ஏராளமான குடும்பங்கள் வாழ்கின்றன. அது எனக்குத் தெரியும். ஆனால் பாறைக் குன்று என்றால் ஒன்றும் விளையாத தரிசு, வெட்டினால் நட்டமில்லை என்ற எண்ணத்தை நான் ஏற்க மாட்டேன். நேற்றுப் பார்த்த தலைப்பிரட்டை, இன்று பார்த்த சின்னான், சரிவில் வழிந்து அடிவாரத்து ஏரியை நிரப்பும் மழை, எல்லாம் இந்தப் பாறையின் விளைச்சல்கள். நடுகற்களும் கல்திட்டைகளும் நிறைந்த மாவட்டம் இது. மல்லசந்திரத்தில் குன்றின்மேல் நிற்கும் கல்திட்டைகளை ஒருமுறை பார்த்தவர்களுக்கு, இறந்தவர்களைப் படுக்கவைக்க நம் முன்னோர் வெறும் பாறையைத் தேடி ஏறினார்கள் என்பது மறக்காது. இதே மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் பொதுயுகத்துக்கு முன் 2172 வரை போகிறது என்று 2022இல் அறிவித்தார்கள். பாறை மலைகளின் நிழலில் அவ்வளவு நீண்ட வாழ்க்கை நடந்திருக்கிறது. வெட்டிய மலை மறுபடி வளராது. எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று பார்த்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

இறங்கும் வழியில் உயரத்தைப் பற்றி மகளிடம் கண்டிப்பாகப் பேசினேன். இந்த மலைகள் காலையும் மூச்சையும் பழக்கும், உயரத்துக்குப் பழக்காது. 12,500 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அதே அளவுக்குக் குறையும். சுமார் 2,500 மீட்டருக்கு மேலே யாருக்கு வேண்டுமானாலும் மலைநோய் வரலாம். ஓட்டப் பந்தய வீரருக்கும் வரும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அதற்குமேல் ஏறக்கூடாது. தள்ளாட்டமோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறலோ வந்தால் உடனே இறங்க வேண்டும், நடுராத்திரியானாலும். 3,000 மீட்டர் தாண்டிய பிறகு படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது. உச்சிக்குப் போய்விட்டுத் தாழ்ந்த இடத்தில் தூங்குவதில் தவறில்லை. "தோழிகள் கேலி செய்வார்கள் என்று தலைவலியை மறைக்காதே கண்ணு" என்றேன். சரி என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். வீடு திரும்பியதும் மறுபடியும் சொல்லவைத்து, வாய்திறந்து சரி என்று வாங்கிக்கொண்டேன்.

இரவு வீட்டில் ராகிக் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும். அவரைக்கொட்டையை ஊறவைத்துப் பிதுக்கித் தோல் நீக்கிய பருப்பு; பனிக்காலத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் இதுதான் மணக்கும். மகள் இரண்டு உருண்டை களி சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை, தீர்த்தமலை

அரூர் போய் அங்கிருந்து தீர்த்தமலைக்கு இன்னொரு பஸ். இன்றைக்குப் பையில் மூன்று லிட்டர் தண்ணீரை எடைக்காகவே வைத்துக்கொண்டாள்.

மலையடியில் ஒரு கோயில், மலைமேல் தீர்த்தகிரீஸ்வரர் கோயில். அருணகிரிநாதர் பாடிய தலம். சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. துர்க்கங்களில் ஆள் நடமாட்டம் குறைவு, இங்கே வழி முழுக்க மனிதர்கள். குரங்குகளும்தான், தேங்காய்ப்பழப் பையைக் கையில் தொங்கவிட்டுப் போனவர்களுக்குப் பை மிஞ்சவில்லை.

பாதி வழியில் ஒரு பாட்டி எங்களைக் கடந்தார். செருப்பில்லாத கால், தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. அவரைத் தாண்டிப் போவதும், நின்று மூச்சு வாங்கும்போது அவர் எங்களைத் தாண்டிப் போவதுமாகக் கொஞ்ச நேரம் நடந்தது. ஒரு நிழலில் அவர் உட்கார்ந்திருந்தார். முகத்தில் களைப்பே இல்லை.

"மூச்சு வாங்கவே இல்லையே பாட்டி, ஏன் உட்கார்ந்துவிட்டீர்கள்?" என்று மகள் கேட்டாள்.

"வாங்கின பிறகு உட்கார்ந்து என்ன கண்ணு செய்வது? வாங்குவதற்கு முன்னே உட்கார்ந்தால் எழுந்திருப்பது சுலபம்" என்றார். பையிலிருந்து ஒரு துண்டு வெல்லம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, எங்களுக்கும் உடைத்துக் கொடுத்தார். ஆடி, தை, மாசி என்று எந்த மாதமானாலும் மனசுக்குத் தோன்றும்போதெல்லாம் ஏறி வருவாராம். பெண் வயிற்றுப் பேத்திக்கு வேலை கிடைக்க வேண்டுமென்று இந்த முறை வேண்டுதல்.

நேற்றும் முந்தாநாளும் நான் சொன்னதையெல்லாம் பாதி கேட்டவள், பாட்டியின் பின்னாலேயே, அவர் நிற்கும் இடத்தில் நின்று, அவர் எழுந்ததும் எழுந்து, மேலே வரை ஒரே சீராக ஏறினாள். மூன்று லிட்டர் எடையோடும் முதல் நாளைவிட இன்றைக்கு அவள் முகம் தெளிவாக இருந்தது. மலைப் பயிற்சி தரும் நிறுவனங்கள் பணம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுப்பதும் இதையேதான்: களைப்புக்கு முன்பே சிறு ஓய்வு, வாயில் கொஞ்சம் இனிப்பு, மாறாத வேகம்.

மேலே பாறைப் பிளவிலிருந்து ராமர் தீர்த்தம் விழுகிறது. இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் சிவபூசைக்குத் தண்ணீர் வேண்டி ராமர் அம்பு எய்த இடம் என்பது தலபுராணம். அனுமன் கொண்டுவந்த தண்ணீர் நேரம் தவறியதால், அவர் வீசியெறிந்த பாத்திரம் விழுந்த இடம் தென்பெண்ணைக் கரையில் அனுமன்தீர்த்தமாயிற்று என்பார்கள். குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்னி தீர்த்தம் என்று மற்றவையும் இங்கேயே இருக்கின்றன. இவ்வளவு உயரத்தில் தண்ணீர் எப்படி என்று மகள் கேட்டாள். மேலே பெய்யும் மழை பாறையின் வெடிப்புகளில் இறங்கித் தங்குகிறது. வெடிப்புகள் குறுகலானவை என்பதால் மெல்ல மெல்லத்தான் கசிந்து வெளியே வரும். மழை நின்ற பிறகும் தீர்த்தம் விழுவதற்கு அந்த நிதானம்தான் காரணம். இதைச் சொல்லிவிட்டு நானும் தலையை நீட்டி நனைந்தேன். புராணத்தை நம்பித்தான் பாட்டி நனைந்தார். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தன.

எங்கள் தகடூரை, அதாவது பழைய தர்மபுரியை, ஆண்ட அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியும் மலைப்பிளவில், ஏறுவதற்கு அரிய உச்சியில் விளைந்ததுதான். அதை யாரோ ஒருவர் கையூன்றி ஏறித்தான் பறித்திருப்பார். இந்த நாட்டில் அருமையானவை பாறையின் வெடிப்பில்தான் இருந்திருக்கின்றன.

இறங்கும் வழியில் குடிநீர் பாட்டில்கள் படியோரம் கிடந்தன. எங்கள் பையில் கொள்ளும் அளவுக்குப் பொறுக்கிக்கொண்டோம். பாட்டி இரண்டைத் தன் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். ஏறுபவர்கள் ஆளுக்கு ஒன்றைக் கீழே கொண்டுவந்தாலே இந்தப் படிகள் சுத்தமாகிவிடும். தயவுசெய்து செய்யுங்கள்.

அரூர் பஸ் நிலையத்தில் காத்திருந்தபோது மகள் கேதார்கந்தா பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தாள். சாக்லேட்டை அடித்துவிட்டு வெல்லம் என்று எழுதியிருந்தாள். புதன்கிழமை வத்தல்மலைக்கு, கொண்டை ஊசி வளைவுகள் வழியாக, பஸ் இல்லாமல் நடந்தே போகலாமா என்று கேட்கிறாள். விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பினால் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். வருகிறவர்கள் எங்களோடு சேர்ந்துகொள்ளலாம். தண்ணீரும் தொப்பியும் அவரவர் கொண்டுவர வேண்டும்.